வயல் சேறும் கடல் சேறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கரைக்கடலின் நைட்ரஜனைப் பற்றிச் சென்ற முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கடலையே எப்போதாவதுதான் பார்ப்பவர்களிடமிருந்து வந்தவை. குடியாத்தம், ஆரணி, காவேரிப்பாக்கம், ஆம்பூர் என்று பழைய வடஆர்க்காட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது பெரிய மகிழ்ச்சி. நெல் வயலில் இறங்கி நின்றவருக்குக் கடலோரச் சேற்றைப் புரியவைப்பது எளிது என்பதை இந்தக் கடிதங்களே காட்டுகின்றன.

குடியாத்தத்திலிருந்து ஒரு விவசாயி: "நாங்கள் போடும் யூரியா கடல்வரை போகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாலாற்றில் தண்ணீரே ஓடாதபோது அது எப்படிப் போகும்?"

நியாயமான கேள்வி, ஐயா. நந்தி மலையில் பிறந்து வயலூர் அருகே கடலில் சேரும் பாலாறு, நம் பக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. ஆகவே உங்கள் தழைச்சத்து (நைட்ரஜன்) தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குப் போவதில்லை. முதலில் அது எங்கே போகிறது என்று பார்ப்போம்.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 விழுக்காடு நைட்ரஜன், அதாவது ஏறத்தாழ 21 கிலோ. நீர் நிற்கும் வயலில் மேலாக வீசினால் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. யூரியா சில நாட்களில் அம்மோனியாவாக மாறுகிறது. வயல் நீரில் பாசி இருந்தால், பிற்பகலில் நீரின் காரத்தன்மை ஏறி, அம்மோனியாவில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். இன்னொரு பகுதிக்கு நேர்வது விசித்திரமானது. வயல் சேற்றின் மேல்தோல் மட்டும், சில மில்லிமீட்டர் அளவுக்கு, ஆக்சிஜன் உள்ள பழுப்பு மண். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் கீழே இறங்கினால் ஆக்சிஜனே இல்லாத கருஞ்சேறு. அங்கிருக்கும் வேறு பாக்டீரியாக்கள், நாம் காற்றைச் சுவாசிப்பதுபோல நைட்ரேட்டைச் சுவாசித்து, அதை நைட்ரஜன் வாயுவாக்கிவிடுகின்றன. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சத்து குமிழியாக வானத்துக்குப் போய்விட்டது.

மீதியில் கொஞ்சம் நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்கும். கொஞ்சம் வாய்க்கால் வழியாக ஏரி வண்டலில் தங்கும். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்ததே, அப்படி ஒரு வெள்ளம் வரும்போதுதான் ஏரி வண்டல், சாக்கடை, வயல் வடிகால் எல்லாம் சில நாட்களில் மொத்தமாகக் கடலில் போய் விழுகின்றன. பல ஆண்டு பாக்கியை ஒரே தவணையில் கட்டுவது போல.

உங்களுக்கு என் யோசனை: யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள். இடுமுன் வயல் நீரை வடித்துவிட்டு, மண்ணில் கலந்தபின் நீர் கட்டுங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பயிர் கேட்கும்போது மட்டும் கொடுங்கள். சத்து சேற்றுக்குள் போய்விட்டால் மேல்தோலில் நடக்கும் திருட்டு பெருமளவு குறையும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: "ஆழ்கடல் நீலமாகவும் கரைக்கடல் பச்சையாகவும் இருப்பதற்கு ஆழம் மட்டும்தான் காரணமா?"

ஆழம் காரணம்தான், அம்மா. ஆனால் நிறத்தைத் தருவது ஆழம் அல்ல. தூய நீர் சிவப்பு ஒளியை விழுங்கி நீலத்தைச் சிதறடிக்கும். கரையோரத்தில் கோடிக்கணக்கான தாவர மிதவை உயிரிகள் (மிதவைப்பாசி என்றே சொல்கிறேன்) நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடுகின்றன. கலங்கிய வண்டலும் நிறத்தை மாற்றும். ஆகவே சரியான கேள்வி: கரையோரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு பாசி?

ஆழ்கடலில் பாசி செத்தால் மூழ்கி, வெளிச்சம் எட்டாத இருட்டுக்குப் போய்விடுகிறது. அதன் நைட்ரஜன் மறுபடி மேலே வரப் பல ஆண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள் ஆகும். பத்து, இருபது மீட்டர் ஆழமே உள்ள கரைக்கடலிலோ செத்த பாசி சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தரையில் விழுகிறது. சேற்றில் உள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து அம்மோனியமாக்குகின்றன (அம்மோனியா நீரில் எடுக்கும் இன்னொரு வடிவம் இது). அலையும் நீரோட்டமும் சேற்றைக் கிளறி அதை மேலே அனுப்புகின்றன. நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே பாசி விரும்பி எடுக்கும். நைட்ரேட்டை உணவாக்கக் கூடுதல் ஆற்றல் செலவிட வேண்டும் அல்லவா? ஒரே நைட்ரஜன் அணு மீண்டும் மீண்டும் பந்தியில் உட்காருகிறது.

அதே சேற்றில்தான் எதிர்வேலையும் நடக்கிறது. குடியாத்தம் ஐயாவுக்குச் சொன்ன பழுப்புத் தோலும் கருஞ்சேறும் கடலடியிலும் உண்டு. புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டி ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோவதால், அந்த இரண்டும் உரசும் பரப்பு பல மடங்கு கூடுகிறது. அங்கே நைட்ரேட் உருவாகி, அடுத்த மில்லிமீட்டரிலேயே நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. வயலில் உழவனுக்கு நட்டமான அதே வேதியியல், கடலில் பாதுகாப்பு. நாம் அனுப்பும் மிகையான சத்தைக் கடல் காற்றுக்குத் திருப்பி அனுப்பும் வழி இது.

இதில் நான் மிகவும் அஞ்சும் இடம் ஒன்று உண்டு. பாசி அளவுக்கு மீறிச் செத்து விழுந்தால் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறாது. நைட்ரேட் இல்லாவிட்டால் வாயுவாகவும் வெளியேற முடியாது. புழுக்களும் செத்துவிடும். அப்போது சேறு தன் சத்தையெல்லாம் அம்மோனியமாகவே மேலே திருப்பித் தரும்; பாசி இன்னும் பெருகும். எந்த நேரத்தில் துணை வேண்டுமோ அந்த நேரத்தில் சேறு கைவிடுகிறது. இந்தியாவின் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் பிற்பகுதியில் அடிநீர் ஆக்சிஜன் இழப்பது அறியப்பட்ட ஒன்று. அங்கே நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவும் பெருமளவில் வெளிவருகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது.

ஆர்க்காட்டிலிருந்து ஓர் ஆசிரியர்: "காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். பிறகு பாசிக்கு ஏன் நைட்ரஜன் பஞ்சம்?"

காற்றிலுள்ள நைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாக மூன்று பிணைப்புகளால் கட்டுண்டது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதி சில நுண்ணுயிரிகளிடம் மட்டுமே இருக்கிறது. கடலில் அப்படிப்பட்டவற்றில் புகழ்பெற்றது டிரைக்கோடெஸ்மியம். மரத்தூள் கொட்டியதுபோல நீர்மேல் பட்டை பட்டையாக மிதக்கும். கல்பாக்கம் கரையோரத்திலும் அது பெருகியதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

வகுப்பில் சொல்ல ஓர் எண்: கடல் மிதவைப்பாசியின் உடலில் சராசரியாக ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன். கடலியல் அறிஞர் ஆல்பிரட் ரெட்பீல்டு 1934ஆம் ஆண்டிலிருந்து ஆராய்ந்து நிறுவிய விகிதம் இது. கடலோரச் சேறு நைட்ரஜனை மட்டும் வாயுவாக்கித் துரத்திவிடுவதால், பல கரைக்கடல்களில் முதலில் தட்டுப்பாடாவது நைட்ரஜன். நம் ஏரிகளிலோ பெரும்பாலும் மணிச்சத்தான பாஸ்பரஸ்தான் முதலில் தீரும். பாசி மிகுவதற்கு "நைட்ரஜன்தான் வில்லன்" என்றும் "பாஸ்பரஸ்தான் வில்லன்" என்றும் சண்டையிடுபவர்கள் பல சமயம் இருவேறு நீரைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு மீன் வளர்ப்பவர்: "குளத்தில் தண்ணீர் நல்ல பச்சை. ஆனாலும் விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தீவனம் போதவில்லையா?"

தம்பி, தயவுசெய்து தீவனத்தைக் கூட்டாதீர்கள்! அவை பசியால் வரவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன.

பகலில் பாசி ஆக்சிஜனைத் தருகிறது. இரவில் அதே பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அந்த ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. பச்சை எவ்வளவு அடர்த்தியோ, இரவுச் செலவும் அவ்வளவு. ஆகவே சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் குளத்தின் மிக மோசமான நேரம். மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியல் இன்னும் மோசம், ஏனென்றால் முந்தைய பகலின் வரவும் குறைவு.

இரண்டாவது ஆபத்து நேர்மாறாகப் பிற்பகலில் வருகிறது. அடர்ந்த பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்சப் பி.எச். என்னும் காரத்தன்மை அளவு 9 வரைகூட ஏறும். அம்மோனியம் மீனை அவ்வளவாகத் தாக்காது, அம்மோனியா தாக்கும். நீரில் இரண்டும் கலந்தே இருக்கும்; பி.எச். ஏற ஏற அம்மோனியம் அம்மோனியாவாக மாறும். பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு அம்மோனியாவாக இருக்காது. 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காலையில் அளந்து "அம்மோனியா சரியாகத்தான் இருக்கிறது" என்று நினைத்த குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மீன் சுருளும். அம்மோனியாவை அளக்கும்போது பி.எச். அளவையும், இரண்டையும் பிற்பகலிலும், அளந்து குறித்து வையுங்கள்.

கருவி இல்லாவிட்டால் கையே கருவி. நண்பகலில் கையை முழங்கைவரை நீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நல்லது. மணிக்கட்டு மூழ்கும்போதே உள்ளங்கை மறைந்தால் பாசி மிகுதி. அப்போது தீவனத்தையும் சாணத்தையும் சில நாட்கள் நிறுத்துங்கள். அடிநீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுங்கள். நள்ளிரவு தாண்டி விடியும்வரை, நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டுங்கள். அது இல்லாதவர்கள் மோட்டார் நீரைப் பலகைமேல் சிதறி விழச் செய்தால்கூட உதவும். பாசியை மருந்தடித்து ஒரே நாளில் கொல்வது மட்டும் கூடாது. செத்த பாசி அழுகி மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். நான் மேலே சொன்ன கடலடிக் கேடு உங்கள் குளத்திலேயே நடக்கும்.

ஆரணியிலிருந்து: "வயலுக்கு இடும் நீலப்பச்சைப்பாசியும் ஏரியில் கெட்ட வாடையோடு மிதப்பதும் ஒன்றா?"

ஒரே குடும்பம், வேறு பிள்ளைகள். வயலுக்கு இடுவது காற்று நைட்ரஜனைப் பிடித்துத் தருவது. அசோலா என்ற நீர்ப்பெரணியின் இலைக்குள் இருப்பதும் அந்த வகையே. ஏரியில் பச்சை பெயிண்ட் ஊற்றியதுபோல் படர்வது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ். அது நைட்ரஜனைப் பிடிக்காது, ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். அப்படிப் படர்ந்த ஏரியில் மாடுகளைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

வாலாஜாபேட்டையிலிருந்து: "2019இல் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தனவே, அதுவும் பாசியா?"

ஒளிர்ந்தது நாக்டிலூகா. கடுகைவிடச் சிறிய ஒற்றைச் செல் உயிர். அலை மோதும்போது மின்னும். அது பாசியைத் தின்று வாழ்வது. அதன் பச்சை வகை, பாசியைத் தன் உடலுக்குள்ளேயே குடிவைத்திருக்கும். நாக்டிலூகா பெருகியிருந்தால், பெரும்பாலும் அதற்கு இரையான மிதவைப்பாசி அதற்கு முன்பே பெருகியிருக்கிறது என்று பொருள். உடலில் அம்மோனியத்தைச் சேர்த்து வைத்திருக்கும். கூட்டமாகச் செத்தால் அதையும் விட்டு, ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பச்சை நாக்டிலூகா பெருகியபோது மீன்கள் செத்து ஒதுங்கின, பவளங்களும் மடிந்தன. அந்த அழகைப் பார்த்து மகிழ்ந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவுகளில் என் மனம் அடிநீரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தது.

ஆம்பூரிலிருந்து: "தோல் கழிவிலும் நைட்ரஜன் உண்டா? எல்லோரும் குரோமியத்தை மட்டுமே பேசுகிறார்கள்."

உண்டு, நிறைய. தோல் என்பதே புரதம். மயிர் நீக்கும்போதே அது கரைந்து வருகிறது. பிறகு சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் உப்புகளைச் சேர்க்கிறார்கள். அதோடு, கழிவிலுள்ள சல்பைடும், தோல் பதனிடச் சேர்க்கும் குரோமியமும் நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்களை முடக்கக்கூடியவை. அதனால் அம்மோனியா மாறாமல் நிற்கும். சுத்திகரிப்பில் காற்றூட்டுவது மட்டும் போதாது. அது அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும், அவ்வளவுதான். அடுத்து ஆக்சிஜனற்ற ஒரு தொட்டி இருந்தால்தான் நைட்ரஜன் வாயுவாக வெளியேறும், வயல் சேற்றின் இரண்டு அடுக்குகளைப் போல. "மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்" என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நம் வடஆர்க்காட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில்தான் உறுதிப்படுத்தியது. அதில் குரோமியத்தோடும் உப்போடும் நைட்ரஜனையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அணைக்கட்டு பகுதியிலிருந்து ஒரு தாய்: "கிணற்று நீரில் நைட்ரேட் அதிகம் என்று சோதனையில் வந்தது. கொதிக்கவைத்துக் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கலாமா?"

வேண்டாம், அம்மா. கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகக் குறையும்போது அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குமேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது மிகவும் முக்கியம். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பூக்கலாம். பால்மாவுக்கு, சோதித்து நைட்ரேட் குறைவென்று தெரிந்த வேறு நீரைப் பயன்படுத்துங்கள். குழந்தையின் உதடோ நகமோ நீலமாகத் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். உங்கள் கிணறு கழிவறைக் குழியிலிருந்தும் எருக்குழியிலிருந்தும் எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அடுத்த முறை அதைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.