மாட்டு நோயின் வழித்தடம் தேடும் படிப்பு: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம். கால்நடை மருத்துவம் படிக்கப்போகும் உங்கள் மகள், சிகிச்சை செய்வதைவிட நோய் எவ்வழியே ஊர் விட்டு ஊர் போகிறது என்று ஆராய்வதையே விரும்புவதாகவும், அப்படியொரு வேலை உண்மையிலேயே உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு.

மாட்டின் உடலெங்கும் கட்டி கட்டியாகக் கிளம்பும் தோல் கழலை நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1929-இல் இன்றைய ஜாம்பியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்நோய், 2019-இல் ஒடிசாவில் தலைகாட்டி, 2022-இல் ராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைப் பலிகொண்டது. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவை அந்த வைரஸைச் சுமந்தாலும் அவை தாமாகக் கடக்கும் தொலைவு பொதுவாகக் குறைவு என்பதால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் திடீரென ஒரு மாட்டுக்குக் கழலை தெரிந்தால் முதலில் சந்தையையும் லாரியையும்தான் விசாரிக்க வேண்டும். ஆடுமாடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோயோ வேறு வகை. அதைப் பரப்பும், கொசுவைவிடச் சிறிய பூச்சிகளைக் காற்றே கடல் தாண்டிக் கொண்டுசென்றுவிடும். 2007-இல் அது இங்கிலாந்தில் நுழைந்தபோது, ஆய்வாளர்கள் காற்றின் திசைப் பதிவுகளைப் புரட்டி, பூச்சிகள் வந்திருக்கக்கூடிய ஆகஸ்ட் மாதத் தொடக்கத்து இரவு ஒன்றையே குறிப்பிட்டார்கள்.

இவ்வேலையின் பெரும்பகுதி பதிவேட்டில் கிடக்கிறது என்பதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கழலை தெரிந்த நாள் ஒரு கட்டத்திலும், மருந்தகத்துக்குத் தகவல் வந்த நாள் அடுத்த கட்டத்திலும் இருக்கும். அம்மை என்றெண்ணி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிவிட்டுப் பத்து நாள் கழித்துச் சொல்கிறவர் இருந்தால், நோய் வந்த வரிசையே வரைபடத்தில் தலைகீழாகிவிடும். நோயைக் குறிக்கும் புள்ளி வரைபடத்தில் விழாத வட்டாரத்தில் நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே யாரும் தகவல் தராமலும் இருந்திருக்கலாம். இந்தச் சந்தேகம் ஓயாத மனம் இல்லாதவருக்கு இத்துறையை நான் பரிந்துரைப்பதில்லை.

ஐந்தரை ஆண்டு இளநிலைப் படிப்பை முடித்தபின், முதுநிலையில் கால்நடைப் பொது சுகாதாரமும் நோய்ப்பரவலியலும் என்ற பிரிவை எடுக்கலாம். இதற்கென்றே பெங்களூருவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. நம் கால்நடைப் பராமரிப்புத் துறையிலும் நோய் புலனாய்வுப் பிரிவு உண்டு. புள்ளியியலையும் கணினி வரைபடமுறையையும் கல்லூரி கற்றுத்தரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கலந்தாய்வுக்கு முன் ஒரு வாரம், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு, தடுப்பூசிப் பதிவேட்டை அவள் உட்கார்ந்து வாசிக்கட்டும். சலிக்காமல் திரும்பி வந்தால், கட்டணம் பற்றிப் பேசுவோம்.