ஷார்ட் ஷிஃப்டர் ஆடுகிறதா? பிராண்டைத் தேடாதீர்கள், அளவெடுங்கள்

கேள்வி: என்னுடையது 2009 ஹோண்டா சிவிக் டைப் ஆர் (எஃப்டி2), சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த கார். முந்தைய உரிமையாளர் வெளிச்சந்தை ஷார்ட் ஷிஃப்டர் (கியர் மாற்றும்போது கை நகரும் தூரத்தைக் குறைக்கும் லீவர் செட்) போட்டிருக்கிறார். இப்போது லீவர் தொளதொளவென்று ஆடுகிறது. மூன்றாம் கியரிலிருந்து நான்குக்கு இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம். அதைத் தயாரித்த நிறுவனம் அந்த மாடலை நிறுத்திவிட்டதாம். உதிரிபாகம் கிடைக்குமா, இல்லை வொர்க்‌ஷாப்பில் சொல்வதுபோல் முழு செட்டையும் மாற்ற வேண்டுமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கிடைக்கும், ஆனால் நீங்கள் தேடுகிற பெயரில் கிடைக்காது. ஷார்ட் ஷிஃப்டர் செட்டில் அந்த நிறுவனம் சொந்தமாகச் செய்தது பெரும்பாலும் லீவரும் அதைத் தாங்கும் துண்டும்தான். லீவர் அசையும் புள்ளியைக் கொஞ்சம் மேலே ஏற்றி, அதற்குக் கீழே உள்ள பகுதியை நீளமாக்கினால் கை நகரும் தூரம் குறையும். வித்தை அவ்வளவே. புஷ் (அசையும் இணைப்பில் பொருந்தும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம்), ஸ்பிரிங், சர்க்லிப் (தண்டின் பள்ளத்தில் மாட்டும் பூட்டு வளையம்), ஓ-ரிங் (உருண்டையான ரப்பர் வளையம்) எல்லாம் ஒன்று உங்கள் காரோடு வந்தவை, அல்லது பொது அளவில் விற்கும் சாமான்கள். தேய்வதும் இவைதான். உலோக லீவர் தேய்ந்து நான் பார்ப்பது அபூர்வம்.

எது ஆடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நடு கன்சோலைக் கழற்றுங்கள். ஒருவர் லீவரை மெதுவாக அசைக்கட்டும், நீங்கள் டார்ச் அடித்து அடியில் பாருங்கள். உங்கள் காரில் லீவரிலிருந்து கியர்பெட்டிக்கு இரண்டு கேபிள்கள் போகின்றன. ஒன்று முன்பின் அசைவுக்கு, மற்றது பக்கவாட்டுக்கு. மூன்றிலிருந்து நான்கு நேராகப் பின்னால் இழுப்பது, பக்கவாட்டே கிடையாது. அதனால் முன்பின் கேபிளின் முனையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். லீவர் நகர்ந்த பிறகும் கேபிள் முனை ஒரு கணம் சும்மா நின்று, அப்புறம் இழுபட்டால் அங்குள்ள புஷ் போய்விட்டது. கேபிள் மாட்டும் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் பிறைபோல ஓர் இடைவெளி தெரியும், சுற்றிலும் கருப்புப் பொடி படிந்திருக்கும். இதையே எஞ்சின் பக்கமும், கேபிள் கியர்பெட்டியில் மாட்டும் இடத்தில், பாருங்கள். அங்கே சூடு அதிகம், புஷ் சீக்கிரம் போகும். கேபிள் உடனே இழுபட்டும் லீவரின் அடிப்பந்து துள்ளுகிறது என்றால் பந்தைத் தாங்கும் கிண்ணம் தேய்ந்திருக்கிறது.

ஒரே ஒரு கியரில் மட்டும் 'கர்ர்' என்று உரசினால் ஷிஃப்டரைத் தொடவே வேண்டாம், அது கியர்பெட்டிக்குள் இருக்கும் சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) சமாச்சாரம்.

சரி, வாங்குவது எப்படி? காரின் சொந்தப் பாகம் என்றால் சேஸிஸ் எண்ணை வைத்து உதிரிபாக எண்ணை எடுங்கள். ஹோண்டா எண் ஐந்து, மூன்று, மூன்று எழுத்துகளாகப் பிரிந்திருக்கும். நடுவில் வரும் மூன்றும் அந்தப் பாகம் முதலில் எந்த மாடலுக்காக வந்தது என்பதைச் சொல்லும், எஸ்2ஏ என்றிருந்தால் எஸ்2000. ஆனால் கேபிள் முனை புஷ்ஷைக் கேட்டால் கவுண்டரில் முழு கேபிளையும் வாங்கச் சொல்வார்கள். விரல்நுனி அளவு ரப்பருக்காக ஒரு கேபிள்! இந்த முறையை யார் வகுத்தார்களோ தெரியாது, பல ஆண்டுகளாகக் கேட்டு அலுத்துவிட்டது. வெளிச்சந்தை புஷ்ஷே போதும், அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

அளவுக்கு ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிவிடுங்கள். புஷ்ஷுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். ஓ-ரிங்குக்கு உள்விட்டமும் தடிமனும். சர்க்லிப்புக்கு அது உட்காரும் தண்டின் விட்டம். உருண்டை பேரிங் இருந்தால் அதன் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர், பேரிங் கடைகளுக்குப் போனால் சில வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) வேலை முடியும். அங்கே போய் கார் பெயரையும் பிராண்டையும் சொல்லாதீர்கள், பழைய துண்டைக் கவுண்டரில் வையுங்கள். எங்கும் கிடைக்காத கிண்ணத்தைக் காக்கி புக்கிட், ஊபி வட்டாரத்து லேத் (கடைசல் எந்திரம்) பட்டறைகளில் கடைந்து வாங்கலாம். அசிட்டால் பிளாஸ்டிக்கில் செய்யச் சொல்லுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இறுகிவிடும். பித்தளை வேண்டாம், கியர்பெட்டி இரைச்சல் முழுவதும் கைக்கு வரும்.

இப்போது நீங்கள் ஏமாறப்போகும் இடங்கள். 'முழு செட்தான் வரும்' என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னால், தேய்ந்த பாகத்தைக் கழற்றிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்குபவர் பெரும்பாலும் கழற்றியே பார்த்திருக்க மாட்டார். அடுத்து, விற்பனைச் செயலியில் 'ரீபில்ட் கிட்' (தேய்ந்த பாகங்களுக்கான மாற்றுத் தொகுப்பு) விற்கும் ஆசாமி. பளபளப்பான படம் இருக்கும், ஓர் அளவுகூட இருக்காது. மில்லிமீட்டர் கேட்டால் 'எல்லா சிவிக்குக்கும் பொருந்தும் பிரதர்' என்பார், கையோடு பேநவ்வில் (கைப்பேசிப் பணப் பரிமாற்றம்) முன்பணம் கேட்பார். எல்லா சிவிக்குக்கும் பொருந்துவது எதுவும் இல்லை. 1990களின் சிவிக்கில் கம்பி இணைப்பு, உங்களுடையதில் கேபிள், லீவரின் அடிப்பகுதியே வேறு. ஜப்பானிலிருந்து தருவிக்கிறேன் என்று மாதக்கணக்கில் இழுக்கும் தரகர்களும் உண்டு. கடைசியில் வருவது பெட்டி மட்டும் பிராண்டாக இருக்கும் போலி. லீவரின் கைக்குமிழ் வாங்கும்போதும் கவனம்: ஹோண்டா மரை எம்10 (விட்டம் 10 மில்லிமீட்டர்), 1.5 பிட்ச் (மரைச் சுற்றுகளுக்கு இடையிலான தூரம்). மாஸ்டாவுக்கு எம்10, 1.25. இரண்டும் முதல் சுற்றில் ஏறும், அப்புறம் மரையைத் தின்றுவிடும்.

மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஹாஃப் கட் (வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும்) கடைகளில் கழற்றிய ஒரிஜினல் ஷிஃப்டர் முழுதாகக் கிடைக்கலாம். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரைதான் பொருள் சேவை வரி விலக்கு, மேலே போனால் 9 விழுக்காடு. திரும்பும்போது எல்லைக் கடற்பாலத்தின் சுங்கச் சாவடியில் அதை அறிவித்துவிடுங்கள். போகும்போது சிங்கப்பூர் விதிப்படி முக்கால் டேங்க் பெட்ரோல் வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதிலைப் படித்துவிட்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களும் காலிப்பரோடு கிளம்பிவிடுவார்கள். அந்தக் காரின் பழைய ஐந்து கியர் வகையில் லீவர் நேராகக் கியர்பெட்டியின் தலைக்குள் இறங்குகிறது. அந்தத் தலைக்கு அடிப்பெட்டியிலிருந்து தனியான எண்ணெய் உண்டு. அது வற்றினால் லீவர் அசைய இறுகும், அதைத் தேய்மானம் என்று எண்ணி ஷிஃப்டரையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஒரு ரப்பர் பூட் (லீவரைச் சுற்றிய உறை) இருக்கும். கிழிந்தால் சூடும் எண்ணெய் வாடையும் காருக்குள் ஏறும். லீவர் நுனியில் சின்ன பிளாஸ்டிக் தொப்பி ஒன்று. அந்தத் தொப்பியை லேத்தில் கடைந்து போடாதீர்கள், உடைந்து உள்ளே விழுந்தால் பெட்டியைத் திறக்க வேண்டிவரும். பூட், தொப்பி இரண்டையும் மாஸ்டா எண்ணிலேயே வாங்குங்கள், எண்ணெயையும் மாற்றுங்கள்.

பத்து ஆண்டு தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறது, சாலை வரியும் கூடுகிறது. இவ்வளவையும் கட்டிக் காரை ஓட்டச் சொல்லும் ஊரில், அதற்கான சின்னப் பாகத்தை வைத்திருக்க யாருக்கும் அக்கறையில்லை. சிஓஇயை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தவர் மறுபடி புதுப்பிக்க முடியாது, கார் எப்படியும் போகப்போகிறது என்று கடைக்காரருக்கும் தெரியும்.

கடைசியாக, உங்கள் லீவரின் அடிப்பந்தின் மேல் நகம் பட்டால் கீறல் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் புதுக் கிண்ணம் போட்டும் பயனில்லை, சில மாதத்தில் அரித்துவிடும். அப்போது ஒரிஜினல் லீவருக்கே திரும்புவதுதான் மலிவு. முந்தைய உரிமையாளரிடம் கேளுங்கள், இப்படி மாற்றியவர்கள் பலரும் கழற்றியதை ஸ்டோர்ரூமில் போட்டு வைத்திருப்பார்கள்.