பேச்சு வந்த பிறகு பால்வாடிக்கு அனுப்பலாமா?

கேள்வி: மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். பேரனை நான்தான் வளர்க்கிறேன். மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. 'தா', 'ம்மா' தவிர வேறு பேச்சு இல்லை. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்கிறார்கள். தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறான், அதனால் காதில் குறை இல்லை. பேச்சு வந்த பிறகு பால்வாடிக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: இல்லை அம்மா, காத்திருக்க வேண்டாம். இப்போதே அனுப்புங்கள். அதோடு இந்த வாரமே காதையும் பரிசோதித்து விடுங்கள்.

ஆண் பிள்ளைகள் சிலர் கொஞ்சம் தாமதமாகப் பேசுவது உண்டுதான். ஆனால் இரண்டு வயதில் 'பால் தா', 'தாத்தா வா' என்று இரண்டு சொல் சேர வேண்டும். மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியம் வர வேண்டும். உங்கள் பேரனுக்கு அந்த வயது தாண்டியும் அது வரவில்லை.

தட்டுச் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். இப்படித்தான் ஒரு பாட்டி, "கதவைச் சாத்தினால் திரும்புகிறாளே" என்று என்னிடம் அடித்துச் சொன்னார். அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அசையவே இல்லை. காலால் தரையைத் தட்டினேன், உடனே திரும்பினாள். அவளுக்குத் தெரிந்தது தரையின் அதிர்வுதான். பாதி கேட்கும் பிள்ளைகளும் உண்டு. தட்டு விழும் சத்தம் கேட்கும், 'ச', 'த', 'க' போன்ற ஒலிகள் காதில் விழாது. விழாத ஒலியைப் பிள்ளை எப்படித் திருப்பிச் சொல்வான்? அடிக்கடி சளி பிடித்து காதுக்குள் நீர் கோத்திருந்தாலும் இப்படி ஆகும், அதை மருத்துவத்தில் சரி செய்துவிடலாம்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி.' எங்கே என்று கேளுங்கள். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே பார்க்கும் மையம் அது. குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது. 'பெரா' என்ற காதுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், பிள்ளை தூங்கும்போதுதான் அதை எடுக்க முடியும். முந்தின இரவு கொஞ்சம் நேரம் கழித்துத் தூங்க வையுங்கள். போகும் வழியில் பஸ்ஸில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய பேர் இதனாலேயே இரண்டு முறை அலைகிறார்கள்.

டாக்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். பெயர் சொன்னால் முகத்தைப் பார்க்கிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, அல்லது உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறானா? முன்பு பேசிய சொல் ஏதாவது நின்றுபோனதா?

அப்புறம் பால்வாடி. 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்து அது சத்துமாவுக்கும் முட்டைக்கும் மட்டுமான இடமாக இருந்ததில்லை. பாட்டும் விளையாட்டும் அங்கே பாடம். 'கை வீசம்மா கை வீசு' என்று பத்துப் பிள்ளைகள் கை வீசும்போது, பேசாத பிள்ளையும் கை வீசுவான். பேச்சுக்கு முன்னால் வருவது அந்தக் கைதான். டீச்சரிடம் மறைக்காமல் சொல்லி, பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கேலி செய்யத் தெரியாது. அந்தப் பயம் நம்மைப் போன்ற பெரியவர்களுக்குத்தான்.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். அவன் கேட்பதற்கு முன்னாலேயே தண்ணீர் டம்ளர் உங்கள் கையில் வந்துவிடுகிறது, இல்லையா? பாசம்தான். ஆனால் அவனுக்கு வாய் திறக்கும் தேவையே வருவதில்லை. டம்ளரை அவன் கண் முன்னே பிடித்து, 'தண்ணி' என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். 'த' என்று வந்தாலும் கை நீட்டினாலும் உடனே கொடுங்கள். எதுவும் வராவிட்டாலும் கொடுங்கள், அழ விட வேண்டாம். குளிக்கும்போது, சோறு ஊட்டும்போது என நாள் முழுக்க இப்படி நடந்தால், வாரத்துக்கு அரை மணி நேரம் தரும் பயிற்சியைவிட அதிகம்.

செல்போனை ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். சாப்பிடும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். அம்மா, அப்பாவோடு பேசும் வீடியோ கால் இந்தக் கணக்கில் சேராது.

மகள் திருப்பூரில் இருப்பதால்தான் இப்படி ஆனது என்று அவளைக் குறை சொல்லாதீர்கள், தயவு செய்து. அவளுக்கு லீவு கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம், நீங்களே கூட்டிப் போகலாம். பிள்ளையின் ஆதாரையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் டாக்டர் அறைக்குள் போனதும் மகளுக்குப் போன் போட்டுக் கொடுங்கள். பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா என்று கேட்பார்கள். அது அவளுக்குத்தான் சரியாகத் தெரியும்.