பறவைப் படம் எடுப்பவருக்குக் கமராவுக்கு அப்பால் என்ன வேலை?

கேள்வி இதுதான்: "இப்போதைய கமராக்கள் பறவையின் கண்ணைக்கூடத் தாமாகவே தேடிப் பிடித்துவிடுகின்றன. அப்படியானால் படம் எடுப்பவருக்கு மிஞ்சும் வேலை என்ன? அவரைக் கலைஞர் என்று சொல்லலாமா?"

நான் யாழ்ப்பாணத்தில் சித்திரப் பாடம் கற்பித்து ஓய்வுபெற்றவன். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அராலி, மண்டைதீவு, பொன்னாலை, தொண்டைமானாறு என்று கரை கரையாகக் கமராவுடன் அலைந்து வருகிறேன். கேள்வியின் முதற்பாதியை மறுப்பதற்கில்லை. ஆலா ஒன்று தண்ணீருக்குள் பாய்வதைத் தெளிவாகப் பிடிக்க முன்னர் நூறு படங்களை வீணாக்கினேன். இன்று வினாடியின் 2000இல் ஒரு பங்கு நேரத்தில், கையில் நடுக்கமுள்ள என் வயதுக்காரரும் அதைப் பிடித்துவிடலாம். அந்தக் கைவேகத்தையே கலை என்று நம்பியிருந்தவர்களுக்கு இது சங்கடமான காலந்தான். ஆனால், கண்ணைத் தேடிப் பிடிக்கும் கமராவுக்கு அந்தக் கண் எதற்காக மிரண்டு பார்க்கிறது என்பது தெரியாது. எனக்கும் தெரியாமலிருந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதக் காலையில், நீர் வற்றி உப்புப் பூத்துக் கிடந்த தரவையொன்றில் நடந்துகொண்டிருந்தேன். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, மணல் நிறமுள்ள உப்புக்கொத்தி ஒன்று எனக்குச் சில அடி முன்னால் ஓடி, திடீரென்று ஒருபுறம் சாய்ந்து, ஒரு சிறகை நிலத்தில் இழுத்து, வாலை விசிறிபோல விரித்து, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் நெஞ்சு நிலத்தில் பட விழுந்து படுத்துப் படம் பிடித்தேன். அது எழுந்து இன்னும் பத்தடி ஓடி மறுபடியும் அதையே செய்தது. நானும் தவழ்ந்து பின்தொடர்ந்தேன். இருபது நிமிடங்கள் அப்படியே கழிந்தன. பின்னிருந்து வந்த வெளிச்சத்தில் இறகின் ஒவ்வொரு நரம்பும் தெரிந்த படமொன்று அதில் கிடைத்தது. "உப்புவெளி நடனம்" என்று பெயரிட்டுப் பெரிதாக அச்சடித்துச் சட்டமிட்டேன். பாராட்டாதவர் இல்லை.

ஆழமில்லாத கடலில் தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டி மீன்பிடிக்கும் சிறகுவலைத் தொழில் செய்யும் முதியவர் ஒருவருக்கு அதைக் கைத்தொலைபேசியில் காட்டியபோதுதான் பிழை தெரிந்தது. அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "மாஸ்டர், அது ஆடேல்லை. உங்களைப் பேய்க்காட்டுது. உங்கட காலுக்குப் பக்கத்திலை முட்டை கிடந்திருக்கும்" என்றார். முட்டையிலிருந்து என்னை விலக்கிக் கொண்டுபோகவே, சிறகொடிந்ததுபோல் அது நடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அன்றைய படங்களை முதலிலிருந்து பார்த்தேன். நான் நின்றபடி எடுத்த முதலாவது படத்தின் கீழ் மூலையில் இரண்டு கற்கள் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தபோது அவற்றில் கறுப்பு மையால் கிறுக்கியது போன்ற கோடுகள் இருந்தன. நிழலே இல்லாத அந்த வெளியில் தாய்ப்பறவை முட்டைமேல் அமர்வது சூடேற்றுவதற்காக மட்டுமல்ல; பகலில் வெயிலை மறைப்பதற்காகவும் அது அமர்கிறது, சில வேளைகளில் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து வந்தும் அமர்கிறது. அப்படிப்பட்ட முட்டைகளை நான் இருபது நிமிடம் வெயிலில் கிடக்க வைத்திருக்கிறேன். அவை பொரித்தனவோ இல்லையோ, அந்தப் படத்தை மறுநாளே சுவரிலிருந்து கழற்றினேன்.

அந்தப் பறவை எது என்பதையும் பின்னர்தான் சரியாக அறிந்தேன். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் அனுமன் உப்புக்கொத்தி அது. நீண்ட காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஓர் உள்ளினமாகவே எண்ணப்பட்டு, 2023இல்தான் தனி இனமாக ஏற்கப்பட்டது. இராமர் பாலத்தை அண்டிய கரைகளில் வாழ்வதால் அதற்கு அனுமனின் பெயர். அளவிலும் நிறத்திலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகளையும் மரபணுவையும் ஒப்பிட்டே அதனைப் பிரித்தறிந்தார்கள். நானோ திகதியில்லாமல், இடமில்லாமல், பறவையின் பெயர்கூட இல்லாமல், "நடனம்" என்ற ஒரே சொல்லை எழுதி, அதையும் பிழையாக எழுதியிருந்தேன். படத்தின் கீழ் எழுதும் வரியும் படத்தைச் சேர்ந்ததே என்று இப்போது கருதுகிறேன். அதில் பொய் இருந்தால் மேலே உள்ள தெளிவு அந்தப் பொய்க்குச் சாட்சியாகிவிடுகிறது.

சித்திரக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இலங்கையில் பிறந்து, கொழும்பு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி (1891–1983), 1955இல் வெளிவந்த தமது இலங்கைப் பறவைகள் பற்றிய நூலுக்குத் தாமே படங்கள் வரைந்தார். வரைபவருக்கு ஒரு தொல்லை உண்டு: கால் எந்த இடத்தில் மடிகிறது, சிறகு மூடும்போது எந்த இறகு மேலே வருகிறது என்பதை அறியாமல் ஒரு கோடும் இழுக்க முடியாது. கமரா அந்தத் தொல்லையிலிருந்து நம்மை விடுவித்துவிட்டது. அதனால்தான் பார்க்காமலே எடுக்கப் பழகிவிட்டோம். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு, முதல் நாள் கமராவைப் பையிலேயே வைத்துவிட்டு ஒரு கொக்கைப் பென்சிலால் வரையச் சொல்வேன். கொக்கின் வெள்ளை, நிழற்பக்கத்தில் நீலமாகத் தெரிவதைக் கண்டுபிடித்த பிள்ளை, இருண்ட தண்ணீரின் முன் நிற்கும் கொக்கை எடுக்கையில் வெளிச்சத்தைத் தானாகவே ஒரு படி குறைத்து வைக்கிறது. அதற்காக ஓவியர் என்றாலே பறவைக்குத் தீங்கு செய்யாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கப் பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஓடுபன், சுட்டு வீழ்த்திய பறவைகளைக் கம்பியால் நிறுத்தி வைத்தே வரைந்தார்.

நம்முடைய ஆட்கள் துப்பாக்கி எடுப்பதில்லை, மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்கள். பூநாரைகளின் சிறகிலுள்ள சிவப்பும் கறுப்பும் அவை பறக்கும்போதுதான் விரிந்து தெரியும் என்பதற்காக, ஆழமில்லாத நீரில் மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தை நோக்கி ஹோர்ன் அடித்தபடி ஓட்டியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மாரியோடு வந்து பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்பும் வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் அந்தக் கடைசி வாரங்களில் தின்னும் தீனிதான் வழிப்பயணத்துக்கான கொழுப்பு. அந்த நேரத்தில் ஒரு கூட்டத்தை நான்கு தடவை எழுப்பினால், நான்கு தடவை அதன் கட்டுச்சோற்றில் கைவைத்ததாகும். எழுந்து பறக்கும் படம் வேண்டுமென்றால் காத்திருக்கலாம்; பருந்து ஒன்று வந்தால் அவை தாமாகவே எழும்.

இடத்தைச் சொல்வதிலும் அவதானம் வேண்டும். 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்தைப் பெயர் சொல்லி எழுதுவதில் குறையில்லை. ஆனால் கூடு இருக்கும் தரவையின் பெயரை நான் எழுதுவதில்லை. கைத்தொலைபேசி படத்தோடு ஒட்டி வைக்கும் இடக்குறிப்பையும் அழித்துவிட்டே பகிர்கிறேன். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. அத்தகைய கணக்கெடுப்புக்காரர் கேட்டால், கூட்டத்தின் அகலப் படத்தையும் இடத்தையும் நேரத்தையும் ஒளிக்காமல் கொடுக்கிறேன். அழகில்லாத அந்த அகலப் படத்தில்தான் தலைகளை எண்ண முடியும்.

எதைச் சட்டத்துக்குள் விடுவது, எதை வெட்டுவது என்பதில்தான் எனக்கு இன்னமும் தெளிவு போதவில்லை. நகர எல்லையில் குப்பை குவியும் வெளியொன்றில் பொலித்தீன் பைகளுக்கு நடுவே கொக்குகள் நிற்கும். பல ஆண்டுகள் அந்தப் பைகளை வெட்டிவிட்டுக் கொக்கை மட்டும் காட்டினேன். பார்த்தவர்கள் "எங்கட ஊர் எவ்வளவு வடிவு" என்றார்கள். இப்போது வெட்டுவதில்லை, ஆகவே படத்தைப் பகிரும்போது விழும் விருப்பக்குறிகளும் (லைக்) குறைந்துவிட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தச் சிறகுவலைக்கார ஐயாவிடம் போன மாரியில் இன்னொரு படத்தைக் கொண்டுபோனேன். நீர்க்காகம் ஒன்று தடியின்மேல் சிறகை விரித்து வெயில் காய்கிறது. பின்னால் வெறும் தண்ணீர். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "குருவி வடிவாய்த்தான் இருக்குது மாஸ்டர். மிச்சத் தடியளையும் வலையையும் எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார். மூலப்படத்தில் அவருடைய தடி வரிசை முழுவதும் இருந்தது. தள்ளிக்கொண்டு வரும் வள்ளத்தோடு அவரும் இடது ஓரத்தில் இருந்தார். அதை வெட்டாமல் மறுபடியும் அச்சடித்துக் கொடுத்தேன். அவருடைய வாடியில் இப்போது தொங்குவது அந்தப் படந்தான்.