ரம்பம் முகத்தை நோக்கி எகிறியது ஏன்?

கேள்வி: காற்றில் சாய்ந்து விழுந்த பெரிய மரத்தை அறுத்து அகற்ற, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள பெட்ரோல் செயின்சா வாங்கினேன். இரண்டாம் நாள் ஒரு கிளையை அறுத்துக்கொண்டிருந்தபோது ரம்பம் திடீரென முகத்தை நோக்கி எகிறியது. முன்னால் உள்ள கைத்தடுப்பு என் மணிக்கட்டில் மோதி, செயின் நின்றதால் தப்பினேன். பிறகு அடிமரத்தை அறுக்கும்போது பார் பாதியில் சிக்கிக்கொண்டது. “பிடி போதவில்லை, இறுக்கிப் பிடி” என்கிறார் அண்ணன். நான் செய்த தவறு என்ன? மீதி வேலையைத் தனியாக முடிக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று. அந்தக் கைத்தடுப்பு வெறும் தடுப்பு அல்ல, அதுதான் செயின் பிரேக்கின் நெம்புகோல். அது வேலை செய்ததால்தான் இந்தக் கேள்வியை எழுத முடிந்திருக்கிறது. அடுத்த முறை ரம்பத்தைத் தொடுவதற்கு முன் பிரேக்கை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

அண்ணன் சொல்வது பாதிதான் சரி. எகிறும் ரம்பத்தைக் கைப்பலத்தால் அடக்க முடியாது. முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. பாரின் மேல்விளிம்பில் அது உங்களைவிட்டு முன்னோக்கி ஓடி, பாரின் முனையான மூக்கைச் சுற்றிக் கீழே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில், மூக்கின் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் பல் மரத்தைக் கவ்விக்கொள்ளும், அறுத்துக்கொண்டு போக வழி இருக்காது. ஓட முடியாத செயினின் வேகமெல்லாம் பாரின் மீது திரும்பி, அதை மேலும் பின்னுமாகத் தூக்கி எறியும். நீங்கள் திடுக்கிடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உங்களுக்கு நடந்ததை இங்கிருந்தே ஊகிக்கலாம். கண் அறுக்கும் இடத்தில் இருந்தது. அந்தக் கிளைக்குப் பின்னால், இலைகளுக்குள் மறைந்திருந்த இன்னொரு கிளையில் மூக்கு இடித்தது. விழுந்த மரத்தில் கிளை கழிக்கும்போது இதுதான் அடிக்கடி நடக்கிறது. நான் கற்றுக்கொடுப்பவர்களிடம் இஞ்சினை அணைத்துவிட்டு, மூக்கின் மேல் கால்வட்டத்தில் சிவப்பு மார்க்கரால் கோடு போடச் சொல்வேன். மை சீக்கிரம் அழிந்துவிடும். ஆனால் அந்தச் சிறு பகுதி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் தங்கிவிடும். மூக்குக்கு அப்பால் இருக்கும் சுள்ளிகளை முதலில் ஒதுக்குங்கள். ரம்பத்தின் உடலை ஒட்டியிருக்கும் இரும்புப் பற்களை மரத்தில் ஊன்றி, பாரின் அடிப்பகுதியால் அறுங்கள்.

பிடியால் பயன் உண்டு, ஆனால் அது வேறு பயன். இடது கட்டைவிரல் முன் கைப்பிடியின் அடியில் முழுவதும் சுற்றியிருக்க வேண்டும். விரல்களை மட்டும் மேலே வைத்திருந்தால் ரம்பம் எகிறும்போது கை நழுவிச் செயினிலேயே விழலாம். இடது முழங்கையை அதிகம் மடக்காதீர்கள். அறுப்புக் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று இடப்புறம் தள்ளி நில்லுங்கள். அப்போது எகிறும் பார் உங்கள் தலையை நோக்கி வராமல் வலத்தோளுக்கு வெளியே போகும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் இப்படித்தான் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது, ஒரு கையால் அறுப்பது மூன்றையும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

பார் சிக்கியதற்குக் காரணம் வேறு. ஒரு பச்சைக் குச்சியை இரண்டு செங்கற்களின் மேல் பாலம்போல வைத்து நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். மேல்பக்கத் தோல் சுருங்கும், கீழ்பக்கம் விரியும். இரு முனையிலும் தாங்கப்பட்டிருக்கும் அடிமரத்தின் நிலை அதுதான். மேலிருந்து அறுக்க அறுக்க வெட்டு வாய் மூடிக்கொண்டு பாரைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க, முதலில் மேலிருந்து விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் அறுத்து நிறுத்தி, மீதியைக் கீழிருந்து மேலாக அறுத்துச் சேர்க்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தலைகீழ்: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. எந்தப் பக்கம் சுருங்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்தை முதலில் தொடுவது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கீழிருந்து அறுக்கும்போது பாரின் மேல்விளிம்பு வேலை செய்வதால் ரம்பம் உங்களை நோக்கித் தள்ளும், அதற்குத் தயாராக நில்லுங்கள்.

சிக்கிவிட்டால் இஞ்சினை அணையுங்கள். இழுத்துப் பிடுங்க வேண்டாம். பிளாஸ்டிக் அல்லது மர ஆப்பை வெட்டு வாயில் அடித்து விரியச் செய்யுங்கள், அல்லது கடப்பாரையால் மரத்தை நெம்பித் தூக்குங்கள். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் தெறிக்கும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு மிகுந்த கவலை தருவது. அந்த மரம் வேரோடு பெயர்ந்து விழுந்திருந்தால், மண்ணோடு எழுந்து நிற்கும் வேர்க்கட்டு அடிமரத்தின் எடையால்தான் அப்படி நிற்கிறது. அடிமரத்தை அறுத்த நொடியில் அது பழைய குழிக்குள் சாயலாம், வெளிப்பக்கமும் விழலாம். அந்தக் குழியில் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், இருக்கவே கூடாது. வேரை ஒட்டிய வெட்டையும், மரத்தின் அடியில் வில்லாக வளைந்து மாட்டியிருக்கும் இளமரங்களையும் அனுபவமுள்ள மரவெட்டியிடம் விட்டுவிடுங்கள். வளைந்த மரம் அறுபட்டால் சாட்டைபோல நிமிர்ந்து அடிக்கும். மின்கம்பி எங்காவது மரத்தில் பட்டுக்கொண்டிருந்தால், மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை அருகிலேயே போகக் கூடாது.

ரம்பம் மரச்சீவலாகத் துப்புகிறதா, மாவாகத் தூவுகிறதா என்று பாருங்கள். மாவு வந்தால் செயின் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயின் உங்களை அழுத்த வைக்கும், அழுத்தும் கை தவறும். உங்கள் செயினுக்கு எத்தனை மில்லிமீட்டர் வட்ட அரம் வேண்டும், எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள சிறு மேட்டை, வேகமாக அறுக்கும் என்று நினைத்து அளவுக்கு மீறித் தேய்த்துவிடாதீர்கள். பல் ஆழமாகக் கவ்வும், ரம்பம் எகிறும் ஆபத்தும் கூடும். இஞ்சின் அணைந்திருக்கும்போது, செயின் பாரின் கீழ்விளிம்பை ஒட்டியிருக்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி நகரவும் வேண்டும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் செயின் ஊர்ந்துகொண்டிருந்தால் அதைச் சரிசெய்யாமல் அறுக்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்ய ரம்பத்தைத் தரையில் வையுங்கள். பிரேக் போட்டிருக்கட்டும். வலது காலின் முன்பகுதியால் பின் கைப்பிடியை மிதித்து, இடக்கையால் முன் கைப்பிடியை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுங்கள். தொங்கவிட்டு இழுப்பது வேண்டாம். பெட்ரோலை இஞ்சின் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும், ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

முகவலையும் காதுமூடியும் உள்ள ஹெல்மெட், முனையில் இரும்பு வைத்த பூட்ஸ், செயின்சாவுக்கென்றே செய்த பாதுகாப்புக் காற்சட்டை ஆகியவை வேண்டும். செயின் பட்டதும் அந்தக் காற்சட்டையின் உள்ளிருக்கும் நீள இழைகள் உருவிக்கொண்டு போய்ச் செயினை ஓட்டும் பற்சக்கரத்தில் சுற்றி, அதை நிறுத்திவிடும். சாதாரண ஜீன்ஸ் அதைச் செய்யாது. ஒருமுறை வெட்டுப்பட்ட காற்சட்டையைத் தைத்துப் போடக் கூடாது. கழுத்தில் துண்டோ தொங்கும் துணியோ இருக்கக் கூடாது.

தனியாக முடிக்கலாமா என்றால், கூடாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், ஆனால் ரம்பம் எட்டாத இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அண்ணனே வரட்டும். இரத்தத்தை அழுத்தி நிறுத்தும் பெரிய கட்டுத்துணி வீட்டு அலமாரியில் அல்ல, உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒவ்வொரு டேங்க் பெட்ரோல் தீரும்போதும் கட்டாயம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். பிரேக் சரியாக இருக்கிறது என்று மெக்கானிக் சொன்ன பிறகு தரையில் கிடக்கும் கிளைகளிலிருந்து ஆரம்பிக்கலாம். வேர்ப்பக்கத்தை மட்டும், ஆள் கிடைக்க ஒரு வாரம் ஆனாலும், அப்படியே கிடக்க விடுங்கள்.