அனிமேஷன் பார்த்து புரோகிராமிங் கற்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: வேரியபிள் (மதிப்பை வைக்கும் பெட்டி), லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) பற்றி அனிமேஷன் வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். பார்க்கும்போது புரிகிறது, எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஏன்?

பதில்: யோசிக்கிற வேலையை வீடியோவே முடித்துவிடுகிறது, அதனால்தான். ஒரு சோதனை. அ = 5, ஆ = 8. இரண்டையும் இடம் மாற்ற, முதலில் அ = ஆ, அடுத்து ஆ = அ என்று எழுதுகிறோம். (பைத்தான் 3 என்ற புரோகிராமிங் மொழியில் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நிறுத்தி, எந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று தாளில் எழுதுங்கள். பலர் 8, 5 என்பார்கள். ஓடவிட்டால் இரண்டிலும் 8! முதல் வரியிலேயே 5 அழிந்துபோனது. அந்த 5ஐ முன்கூட்டியே எடுத்துவைக்க மூன்றாவது பெட்டி ஒன்று வேண்டும் என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

2002இல் ஹண்ட்ஹாசன், டக்ளஸ், ஸ்டாஸ்கோ என்ற ஆய்வாளர்கள் மூவரும், இப்படிப் படம் காட்டிக் கற்பிப்பது பற்றிய 24 சோதனைகளை அலசிச் சொன்னதும் இதுதான்: படம் என்ன காட்டுகிறது என்பதைவிட, மாணவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதே முக்கியம்.

கேள்வி: பைத்தானில் ஒரு லிஸ்டை (பல மதிப்புகளின் வரிசையை) இன்னொரு பெயருக்குக் கொடுத்தேன். ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறுகிறதே?

பதில்: புரோகிராம் ஓடுவதை வரிவரியாகப் படமாகக் காட்டும் பைத்தான் டியூட்டர் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் இரண்டு, அம்புக்குறியும் இரண்டு, போய் நிற்கிற பெட்டி மட்டும் ஒன்று. நகல் எடுக்கவேயில்லை.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. எதில் தொடங்கலாம்?

பதில்: கட்டைகளை அடுக்கியே புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச் தாராளமாகப் போதும். ஆனால் எனக்கு 1967இல் வந்த லோகோ மொழியின், சொன்னபடி நகர்ந்து கோடு போடும் ஆமைமேல் தனிப் பிரியம். சதுரம் எளிது: 100 முன்னால் போ, 90 பாகை திரும்பு, நான்கு தடவை. முக்கோணம் போடச் சொல்லுங்கள். 60 என்று கொடுப்பாள். ஆமை மூன்று கோடு போட்டுவிட்டு, மூடாமல் பாதி அறுகோணத்தோடு நின்றுவிடும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். அவளையே ஆமையாகத் தரையில் நடக்கவிடுங்கள். மூலையில் திரும்பும்போது உடம்பு 60 அல்ல, 120 பாகை சுற்றுவது அவளுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: பெரிய புரோகிராமுக்கும் அனிமேஷன் உதவுமா?

பதில்: உதவாது. ஐந்நூறு பெட்டி, ஆயிரம் அம்பு என்றால் கண்தான் வலிக்கும். அந்தக் கட்டத்தில், புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கர் என்ற கருவிக்குப் போய்விடுங்கள். வேண்டிய வரியில் நிறுத்தினால் மதிப்புகள் ஓரத்தில் வரிசையாகத் தெரியும். அதே பெட்டிகள்தான், கலர் மட்டும் இல்லை.