பழுதான இயந்திரத்தில் கட்டும் அட்டை நிலைக்க வேண்டுமானால்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் துணிக்குச் சாயமிடும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பழுதான இயந்திரங்களில் ‘இயக்கக் கூடாது’ என்று அச்சிட்டு லேமினேட் செய்த அட்டையைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறோம். இரண்டு வாரத்துக்குள் எழுத்து கரைந்துவிடுகிறது, அல்லது அட்டையே கழன்று விழுந்துவிடுகிறது. அண்மையில் பிரேக் பழுதான ஹைட்ரோ இயந்திரத்தில் (ஈரத் துணியை வேகமாகச் சுழற்றி நீர் பிழிவது) அட்டை விழுந்து கிடந்ததால், இரவு ஷிப்டில் ஒருவர் அதை ஓட்டிவிட்டார். நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. எந்தப் பொருளில் அட்டை வாங்கினால் நீடிக்கும்? துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் செய்துகொள்ளலாமா?

பதில்: அட்டையின் பொருளுக்கு வருமுன் அந்த ஹைட்ரோவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எவ்வளவு உறுதியான அட்டையும் செய்தியைச் சொல்லுமே தவிர, சுவிட்சைப் போட வரும் கையைப் பிடித்து நிறுத்தாது. பிரேக் இல்லாத ஹைட்ரோ போன்ற ஆளைக் கொல்லக்கூடிய இயந்திரத்துக்கு, மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியைப் பொறுப்பாளர் வைத்துக்கொண்டு, அந்தப் பூட்டோடு சேர்த்தே அட்டையைக் கட்ட வேண்டும். தற்செயலாக ‘ஆன்’ நிலைக்கு நகர்ந்துவிடக்கூடிய மின்துண்டிப்புச் சாதனத்தைப் பாதுகாப்பான நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 24ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. உங்கள் ஆலையில் ஜெனரேட்டரும் இருக்கும் என்பதால், மின்வாரிய இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாமல், ஜெனரேட்டர் வழியாகவும் அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் போய்ச் சேராத இடமாகப் பார்த்துப் பூட்டுங்கள்.

இனி அட்டை. லேமினேட் செய்த காகிதம் உங்கள் ஆலையில் தோற்பதற்குக் காரணம் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் இல்லை. கயிறு கோக்க நீங்கள் போடும் துளையில் இருக்கிறது. துளை போட்ட நொடியில் உள்ளே இருக்கும் காகிதத்தின் ஓரம் வெளியே தெரிந்துவிடுகிறது. நீராவியும் சொட்டும் தண்ணீரும் அந்த ஓரத்தின் வழியாக உறிஞ்சப்பட்டு, இங்க் பரவி, ஈரம் நடுவரைக்கும் ஏறிவிடும். புதிய அட்டைகள் வரும்வரை சமாளிக்க ஒரு வழி உண்டு. காகிதத்தை உறையைவிடச் சிறிதாக வெட்டி, நான்கு புறமும் வெறும் பிளாஸ்டிக் விளிம்பு நிற்கும்படி லேமினேட் செய்து, துளை போடும் பக்கத்தில் மட்டும் அந்த விளிம்பை அகலமாக விட்டு, காகிதத்தைத் தொடாமல் அதில் துளை போடுங்கள். இதுவே சில வாரங்கள் கூடுதலாகத் தாங்கும்.

நிரந்தரமாக வாங்குவதற்கு, ஆலை முழுவதற்கும் ஒரே பொருள் என்று முடிவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. சாய ஆலையின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு விதமாக அட்டையைத் தின்னும். மின்பேனல், பம்பு, ஹைட்ரோ, விஞ்ச் (துணியை உருளையால் சாயத் தொட்டியில் சுற்றவிடும் இயந்திரம்) ஆகிய பெரும்பாலான இடங்களுக்குக் கெட்டியான பாலியஸ்டர் தகட்டில் அச்சிட்ட அட்டை போதுமானது. அது ஈரத்தைக் குடிக்காது, எளிதில் கிழியாது, 150 பாகை செல்சியஸ் வரை சூடு தாங்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி அட்டை 60 பாகையைத் தாண்டியதுமே இளகி வளையத் தொடங்குவதால், 130 பாகை வரை சூட்டில் ஓடும் ஜெட் சாய இயந்திரத்தின் பக்கத்திலோ நீராவிக் குழாயிலோ அதைக் கட்டிப் பயனில்லை.

பாலியஸ்டருக்கும் ஒரு எதிரி உண்டு, அதைச் சாயத் தொழிலில் இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாலியஸ்டர் துணியின் எடையைக் குறைப்பதற்கு அதைச் சூடான காஸ்டிக் சோடாவில் போட்டு எடுக்கிறோமே, அதே வேலையைக் காஸ்டிக் உங்கள் அட்டையிலும் செய்யும். ஆகவே காஸ்டிக் தொட்டி, அதை அளந்து செலுத்தும் டோசிங் பம்பு, அதன் வால்வுகள் ஆகியவற்றுக்குப் பாலிபுரோப்பிலீன் அட்டையைத் தேர்ந்தெடுங்கள். காரத்தையும் அமிலத்தையும் அது நன்றாகத் தாங்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும் என்பதால் கூரைக்குள்ளே மட்டும் பயன்படுத்துங்கள். அலுமினியத் தகட்டை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். காஸ்டிக்கில் அலுமினியம் கரைவதோடு, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜனும் வெளிவரும். அட்டையின் துளையைச் சுற்றி அடிக்கும் சிறு வளையமும் பல நேரங்களில் அலுமினியமாகவே இருக்கும். வாங்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட எஃகுத் தகடு, துணியை விரித்துச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டர், பாய்லர் போன்ற சூடு மிகுந்த இடங்களுக்கு மிகவும் பொருத்தமானது. கோயம்புத்தூரில் பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர்த்தகடு செய்து தரும் பட்டறைகளிடம் கேட்டால், எழுத்தை அரித்துப் பதித்து நிறம் நிரப்பித் தருவார்கள். உப்பு கரைக்கும் தொட்டி, கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவின் ஆவியாக்கி போன்ற இடங்களில் 304 ரக எஃகில் உப்பின் குளோரைடு புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்யும் என்பதால், அங்கே மட்டும் 316 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். எஃகின் குறை வேறொன்று: பழுது என்ன, கட்டியவர் யார், தேதி என்ன என்று அதில் கையால் எழுத முடியாது. நிலையான எச்சரிக்கையை எஃகிலும், மாறும் விவரத்தை அதோடு சேர்த்துக் கட்டிய சிறிய பாலியஸ்டர் சீட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

அட்டை எதனால் ஆனது என்பதற்கு இணையான கவனம் அதைக் கட்டும் பொருளுக்கும் வேண்டும், ஏனெனில் தொலைந்துபோகும் அட்டைகளில் பல கிழிந்து போனவையாக இல்லாமல் கழன்று விழுந்தவையாகவே இருக்கும். சணல் ஈரத்தில் மக்கிவிடும். பைண்டிங் கம்பி துருப்பிடித்து அறும். அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு விதி ஒன்று (1910.147, வெளியான ஆண்டு 1989) இதற்குத் தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது: அட்டையைக் கட்டும் பொருள் கையாலேயே மாட்டக்கூடியதாகவும், தானே பூட்டிக்கொள்வதாகவும், மறுமுறை பயன்படுத்த முடியாததாகவும், குறைந்தது 50 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 23 கிலோ இழுவிசைக்குக் கழலாததாகவும், எல்லாச் சூழலையும் தாங்கும் ஒரே துண்டு நைலான் கேபிள் டைக்கு (இழுத்து மாட்டினால் கழலாத பட்டை) ஈடானதாகவும் இருக்க வேண்டும். அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் வாங்கும்போது கையில் வைத்துக்கொள்ளத் தகுந்த அளவுகோல் அது. வெயில் படும் இடத்துக்கு வெள்ளை நைலான் டை வேண்டாம், புறஊதாக் கதிரைத் தாங்கும் கறுப்பு டையை வாங்குங்கள். சாதாரண நைலான் டை தொடர்ந்து 85 பாகை வரை தாங்கும். அதற்கு மேல் எஃகு டை வேண்டும். அமிலம் தெறிக்கும் இடத்தில் நைலான் வலுவிழக்கும் என்பதால் அங்கே பாலிபுரோப்பிலீன் டையே நல்லது.

எழுத்தைப் பொறுத்தவரை, பெர்மனென்ட் மார்க்கர் என்ற பெயரை நம்ப வேண்டாம். அதன் மை ஆல்கஹாலிலும் தின்னரிலும் கரைந்துவிடும். பெயின்ட் மார்க்கரால் எழுதலாம், அல்லது எழுதிய பகுதியின் மேல் மடித்து ஒட்டும் ஒளிபுகும் உறை உள்ள அட்டையை வாங்கலாம். நிலையான வாசகத்தை அச்சிட உங்கள் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. பனியனில் தைக்கும் வாஷ்கேர் லேபிளை, ரிப்பன் மையைச் சூட்டால் பதிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் முறையில் அச்சிடும் நிறுவனங்கள் திருப்பூரில் நிறைய உண்டு; பாலியஸ்டர் தகட்டில் ரெசின் ரிப்பன் கொண்டு அச்சிடுமாறு அவர்களிடம் கேளுங்கள், மெழுகு ரிப்பன் தேய்ந்து போய்விடும். சிவப்பு மை வெயிலில் முதலில் வெளிறும் என்பதால், முக்கியமான வாசகத்தை மஞ்சள் பின்னணியில் கறுப்பெழுத்தாக வைத்து, ஐந்தடி தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக அச்சிடச் சொல்லுங்கள்.

உங்கள் ஆலையில் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தவர்கள் வேலை செய்வார்கள் என்றால் தமிழ் வாசகம் மட்டும் அவர்களைக் காப்பாற்றாது. தமிழோடு இந்தியும், சுவிட்சைத் தொடும் கையின் மேல் குறுக்குக் கோடிட்ட படமும் இருக்கட்டும். எழுத்துப் படிக்கத் தெரியாத ஒருவர் இரவு இரண்டு மணிக்குத் தனியாக அந்தப் பேனல் முன்னால் நிற்பார் என்று எண்ணிப் பார்த்தே வாசகத்தையும் படத்தையும் முடிவு செய்யுங்கள்.

அட்டையில் வரிசை எண், இயந்திர எண், பழுது, கட்டியவர் பெயர், தேதி, ஷிப்டு ஆகியவை இருந்தால் போதும். அதே எண்ணைப் பராமரிப்புப் பதிவேட்டிலும் எழுதுங்கள். அட்டை விழுந்தாலும் பதிவேடு பேசும், ஷிப்டு மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பவரும் ஏற்பவரும் அதைப் பார்த்துக் கையெழுத்திடலாம். கட்டும் இடம் இயந்திரத்தின் உடலாக இல்லாமல், ஓட்ட வருபவர் கை வைக்கும் ஸ்டார்டர், ஐசோலேட்டர், வால்வுக் கைப்பிடியாக இருக்க வேண்டும். பெல்ட், புல்லி போன்ற சுழலும் பாகங்களின் அருகே நீளமாகத் தொங்க விடக் கூடாது.

மொத்தமாக வாங்குமுன் மாதிரிகளில் சிலவற்றை உங்கள் ஆலையிலேயே மோசமான இடங்களான காஸ்டிக் தொட்டி, ஜெட் மூடி, வெயில் படும் சுவர் ஆகியவற்றில் ஒரு மாதம் கட்டி வைத்துப் பாருங்கள். பிறகு தின்னர் நனைத்த துணியால் எழுத்தைத் துடைத்துப் பார்த்து, டையைத் தொங்கு தராசில் மாட்டி 23 கிலோ வரை இழுத்துப் பாருங்கள். எந்த விற்பனையாளரின் உத்தரவாதத்தைவிடவும் இந்தச் சோதனை உங்களுக்கு உதவும்.

பழுது நீங்கியதும் அதைச் சரிசெய்த பிட்டரும் ஷிப்டு பொறுப்பாளரும் சேர்ந்து இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து, டையை வெட்டி, பதிவேட்டில் முடித்து எழுதிவிட்டு, அட்டையை அழித்துவிட வேண்டும். நல்ல நிலையில் ஓடும் இயந்திரத்தில் பழைய அட்டை தொங்கிக்கொண்டே இருந்தால், அடுத்த முறை உண்மையாகவே கட்டும் அட்டையையும் யாரும் மதிக்க மாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் பதிவேட்டோடு ஆலையைச் சுற்றி வந்து, பதிவில் இருந்தும் இயந்திரத்தில் இல்லாத அட்டையையும், இயந்திரத்தில் இருந்தும் பதிவில் இல்லாத அட்டையையும் அன்றே சரிசெய்யுங்கள்.